ருவா என்கிற தெஜார்தான்: பிரெஞ்சுக் கனடிய முன்னோரைத் தேடும் முறை

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ‘தெஜார்தான்’ என்ற பெயர்ப்பலகை கண்ணில் படும். 1900இல் லேவி நகரில் அல்போன்ஸ் தெஜார்தானும் அவர் மனைவி தொரிமேனும் தொடங்கி வளர்த்த கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் அது. இன்று மாகாணம் முழுக்கப் பரவிய பெரிய நிதி நிறுவனம்.

இந்த அல்போன்ஸின் முன்னோரைத் தேடப் புறப்படுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1854இல் பிறந்தவர். அவருடைய அப்பாவின் பெயர் பிரான்சுவா ருவா. அம்மாவின் பெயர் கிளாரிஸ் மிவில். ‘தெஜார்தான்’ எங்கே போயிற்று? தவறான குடும்பத்தைப் பிடித்துவிட்டோமா என்று சந்தேகம் வரும். பலர் இந்த இடத்தில்தான் தேடலைக் கைவிடுகிறார்கள். ஆனால் பதிவு சரியானதுதான். முழுப் பெயரையும் படித்தால் விடை அதிலேயே இருக்கிறது: அப்பா ‘பிரான்சுவா ருவா தி தெஜார்தான்’, அம்மா ‘கிளாரிஸ் மிவில் தி தெஷென்’.

நடுவில் நிற்கும் அந்த ‘தி’ என்ற சின்னச் சொல்லைப் புரிந்துகொண்டால் பிரெஞ்சுக் கனடிய வம்சாவளித் தேடலில் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அதன் பொருள் ‘என்று சொல்லப்படுகிற’. நம் பத்திரங்களில் ‘முருகேசன் என்கிற முருகன்’ என்று எழுதுகிறோமே, அந்த ‘என்கிற’தான் இது. ஒரு வேறுபாடு உண்டு. நம் ‘என்கிற’ ஓர் ஆளோடு முடிந்துவிடும். அவர்களுடைய ‘தி’ பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். எந்த நாளில் எதைப் பயன்படுத்துவது என்பது அவர்கள் விருப்பம்.

இந்த இரட்டைப் பெயர்கள் எப்படி வந்தன? பெரிய ஊற்று படை. 1665இல் பிரான்சின் அரசர் பதினான்காம் லூயி, கரின்யான்-சாலியேர் என்ற படைப்பிரிவை நியூ பிரான்சுக்கு, அதாவது வட அமெரிக்காவிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்துக்கு, அனுப்பினார். ஏறத்தாழ 1,200 வீரர்கள். அவர்களில் 400 பேர் அளவில் படை திரும்பிய பிறகும் அங்கேயே தங்கி நிலம் வாங்கி உழத் தொடங்கினார்கள். பிரெஞ்சுப் படையில் சேர்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ‘போர்ப் பெயர்’ வைப்பது வழக்கம். லாஃப்ளர் என்றால் பூ, லாதுலிப் என்றால் துலிப் மலர், லாஜெனெஸ் என்றால் இளமை, சான்சூசி என்றால் கவலையில்லாதவன். மலையை வெட்டிச் சாய்ப்பவன் என்று பொருள்படும் ‘ட்ரான்ஷ்மோன்தாஞ்’ என்ற பெயரும் உண்டு. வீரர் குடியானவர் ஆனபோது பெயரும் அவரோடு வயலுக்கு வந்தது.

படைக்குப் போகாதவர்களுக்கும் இந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. அஞ்சூ பகுதியிலிருந்து வந்தவர் லான்ஜெவான் ஆனார். பிக்கார்தியிலிருந்து வந்தவர் பிக்கார் ஆனார். சிலருக்கு நிலத்தில் நின்ற மரம் பெயராயிற்று. மேலே சொன்ன மிவில் குடும்பத்தையே பாருங்கள். கியூபெக்கில் குடியேறிய முதல்வர் பியேர் மிவில், சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர் பகுதிக்காரர். அதனால் அவரை ‘லெ சுவிஸ்’, அதாவது சுவிட்சர்லாந்துக்காரர் என்றார்கள். அவர் மகன் ஜாக் ‘தெஷென்’ ஆனார். ஓக் மரங்களைக் குறிக்கும் பெயர் அது. ஒரே தலைமுறையில் பட்டப்பெயர் மாறிவிட்டது.

அண்ணன் தம்பிகளே பெயரால் பிரிந்துபோவதும் நடந்திருக்கிறது. பாத்திஸ்கான் என்ற ஊரில் குடியேறிய ரிவார் சகோதரர்களில் நிக்கோலா ‘ரிவார் தி லாவின்’ ஆனார். ரொபேர் ‘ரிவார் தி லோராஞ்ஜே’ ஆனார். அடுத்த தலைமுறையில் லானுவேத் என்ற கிளையும் முளைத்தது. இன்று லாவின், லோராஞ்ஜே, லானுவேத் என்ற மூன்று பெயர்களில் மூன்று பேர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கலாம். தாங்கள் பங்காளிகள் என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. ‘ருவா’ என்பது அரசன் என்று பொருள்படும் மிகப் பரவலான பெயர். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல ருவாக்கள் பிரான்சிலிருந்து வந்தார்கள். ஆகவே இரண்டு பேர் ருவா என்பதால் உறவினர் ஆகிவிட மாட்டார்கள். எந்த ருவா என்று பிரித்துச் சொல்ல அந்த இரண்டாம் பெயர் உண்மையிலேயே தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த வழக்கம் தேயத் தொடங்கி, ஒவ்வொரு கிளையும் ஏதோ ஒரு பெயரை நிலையாக வைத்துக்கொண்டது. சிலர் முதல் பெயரை. சிலர் இரண்டாம் பெயரை. அல்போன்ஸின் வீட்டில் ருவா உதிர்ந்து தெஜார்தான் தங்கிற்று.

எழுத்துக்கூட்டலையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோருக்கு எழுதத் தெரியாது. பாதிரியார் தன் காதில் விழுந்ததை எழுதினார். பிரெஞ்சில் ‘ஓ’ என்ற ஒரே ஒலியை நாலைந்து விதமாக எழுதலாம் என்பதால், ஒரே மனிதரின் பெயர் மூன்று பதிவுகளில் மூன்று விதமாக இருக்கும். கனடாவின் பிரதமர்களாக இருந்த பியேர் ட்ரூதோ, ஜஸ்டின் ட்ரூதோ இருவரின் மூதாதை 1659இல் மான்ட்ரியலுக்கு வந்த தச்சர் எத்தியேன். அவர் பெயர் பழைய பதிவுகளில் ‘ட்ரூத்தோ’ என்று வல்லின ‘த்’துடன் வருகிறது. ஆகவே தேடும்போது பெயரை எழுத்தாகப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காதுக்கு ஒன்றாகக் கேட்டால் அது அதே பெயராக இருக்க வாய்ப்பு உண்டு.

எல்லாப் பையனும் ஜோசப், எல்லாப் பெண்ணும் மரி

குடும்பப் பெயர் ஒருபுறம் குழப்பினால், வைத்த பெயர் மறுபுறம் குழப்பும். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானத்தின்போது ஜோசப் என்றும், பெண் குழந்தைக்கு மரி என்றும் முதலில் சேர்ப்பார்கள். அது இயேசு, மரி, ஜோசப் அடங்கிய திருக்குடும்பத்துக்கான வணக்கம். கூப்பிடும் பெயர் அல்ல. அடுத்து ஞானத்தந்தை அல்லது ஞானத்தாயின் பெயர் வரும். கூப்பிடும் பெயர் பெரும்பாலும் கடைசியில் இருக்கும்.

ஐஸ் ஹாக்கியில் புகழ்பெற்ற மொரீஸ் ரிஷாரின் முழுப்பெயர் ஜோசப் ஆன்ரி மொரீஸ் ரிஷார். முன்னாள் பிரதமர் ஜான் கிரெத்தியேன், ஜோசப் ஜாக் ஜான். விதிவிலக்கும் உண்டு: பியேர் ட்ரூதோவின் பெயர் ஜோசப் ஃபிலிப் பியேர் ஈவ் எலியட் ட்ரூதோ, அழைத்த பெயர் நடுவில் ஒளிந்திருக்கிறது. புதிதாகத் தேடுகிறவர் செய்யும் வழக்கமான தவறு, ‘மொரீஸ்’ என்று தேடிவிட்டு, ‘ஜோசப்’ என்ற பதிவைப் பார்த்ததும் வேறு ஆள் என்று தள்ளிவிடுவது.

முந்தைய நூற்றாண்டுகளில் பெயர்கள் இவ்வளவு நீளம் இல்லை. ஆனால் பெயர்களே குறைவு. ஜான்-பாப்தீஸ்த், பியேர், ஃபிரான்சுவா, ஜோசப். பெண்களில் மார்கரீத், ஜெனெவியேவ், ஆஞ்ஜெலிக், மரி-ஜோசெத். ஒரு கிராமத்தில் ஒரே காலத்தில் ஒரே பெயருடைய நாலைந்து பேர் இருப்பார்கள். எலிசபெத்தும் இசபெல்லும் ஒருவரையே குறிக்க மாறிமாறி எழுதப்பட்டிருக்கும்.

இன்னொன்று மனத்தைக் கனக்கவைப்பது. குழந்தை இறந்தால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை வைத்தார்கள். ஒரே பெற்றோருக்கு 1721இல் ஒரு பியேர், 1724இல் இன்னொரு பியேர் என்று கண்டால், நடுவில் ஒரு சின்ன அடக்கப் பதிவு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் இறந்துபோன குழந்தைக்குக் கல்யாணம் செய்துவைத்து, அங்கிருந்து ஒரு வம்சத்தையே எழுதிவிடுவோம்.

பெண்ணின் பெயர் மாறாது

இவ்வளவு குழப்பத்துக்கு நடுவே அசையாமல் நிற்கும் ஒரு தூண் இருக்கிறது. கியூபெக்கின் பழைய பதிவுகளில் பெண் தன் பிறந்தவீட்டுப் பெயரைச் சாகும்வரை வைத்திருக்கிறாள். ஞானஸ்நானத்தில், திருமணத்தில், பிள்ளைகளின் பதிவுகளில், பத்திரங்களில், கடைசியில் அடக்கப் பதிவில்கூட, ‘இன்னாருடைய மனைவி’ என்ற குறிப்போடு அவளுடைய சொந்தப் பெயர்தான். பல நாடுகளில் முன்னோரைத் தேடுகிறவர்கள் பாட்டியின் குடும்பப் பெயர் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நின்றுபோகிறார்கள். இங்கே அந்தச் சுவர் இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

அன்றாடப் பேச்சில் ‘திருமதி இன்னார்’ என்று கணவர் பெயரால் அழைக்கும் பழக்கம் பிற்காலத்தில் பரவியது. பதிவேடுகளில் பழைய முறை தொடர்ந்தது. 1981 ஏப்ரலிலிருந்து கியூபெக்கில் இது சட்டமாகவே இருக்கிறது: திருமணமான பெண் தன் உரிமைகளைத் தான் பிறந்த பெயரிலேயே பயன்படுத்த வேண்டும். மான்ட்ரியலில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே விதிதான்.

தொரிமேன் தெஜார்தானுக்கு வருவோம். பெயரைப் பார்த்ததும் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டார் என்று நினைப்போம். அவருடைய திருமணப் பதிவு வேறு சொல்லும். 1879இல் சோரெல் நகரில் அல்போன்ஸை மணந்தபோதே அவர் ‘ருவா தி தெஜார்தான்’ வீட்டுப் பெண். பிறப்பிலேயே அதே பெயர். இரு குடும்பங்களும் மேலே எங்காவது சந்திக்கின்றனவா? அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பார்ப்போம்.

திருமணத்திலிருந்து திருமணத்துக்கு

பிறப்பைத் தேடிப் போவது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் வழி. கியூபெக்கில் அதைவிடச் சிறந்த வழி திருமணம். காரணம் எளிது: அங்கே திருமணப் பதிவு வழக்கமாக மணமகன், மணமகள் இருவருடைய பெற்றோரின் பெயர்களையும் சொல்கிறது. அம்மாக்களின் பிறந்தவீட்டுப் பெயர் உட்பட. ஆக ஒரு திருமணம் கிடைத்தால் அதற்கு முந்தைய இரண்டு திருமணங்களுக்கான துப்பும் கையில் இருக்கிறது. பிரான்சுவா ருவாவும் கிளாரிஸ் மிவிலும் மணந்த பதிவைப் பிடித்தால் அவர்கள் நாலு பெற்றோரும் வருவார்கள். அந்தப் பெற்றோரின் திருமணம், அதற்கு முந்தையது, இப்படிப் படிப்படியாக ஏறலாம்.

இதில் ‘தி’ பெயரின் குழப்பமும் தீர்கிறது. ஓர் ஆளின் குடும்பப் பெயர் மாறலாம். கணவன் மனைவி என்ற ஜோடி எளிதில் மாறாது. ‘பிரான்சுவா ருவா’ நூறு பேர் இருக்கலாம். ‘கிளாரிஸ் மிவிலை மணந்த பிரான்சுவா’ என்று தேடினால் அவர் ருவா என்று எழுதப்பட்டாலும் தெஜார்தான் என்று எழுதப்பட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும். ஆகவே தனிப்பெயரைத் தேடாமல் ஜோடியைத் தேடுங்கள்.

இவ்வளவு பதிவுகள் எப்படித் தப்பின? பிரெஞ்சு அரசு பாதிரியார்களைப் பதிவாளர்களாகவும் ஆக்கியிருந்தது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் இரண்டு படிகளாக எழுதி, ஒன்றைப் பங்கில் (ஒரு பாதிரியாரின் பொறுப்பில் உள்ள தேவாலய வட்டாரத்தில்) வைத்துக்கொண்டு மற்றதை ஆண்டுதோறும் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒரு கோவில் எரிந்தாலும் இன்னொரு படி பிழைக்கும். இரட்டைப் படி வழக்கம் வருவதற்கு முன் நடந்ததே இதன் அருமையைச் சொல்லும்: 1640இல் கியூபெக் நகரத் தேவாலயம் தீப்பிடித்து, 1621 முதல் எழுதிய பதிவேடுகள் அழிந்தன. பிறகு ஊர்க்காரர்களின் நினைவிலிருந்து கேட்டுக் கேட்டு அவற்றைத் திரும்ப எழுதினார்கள். கோவில் பதிவே அரசுப் பதிவு என்ற ஏற்பாடு பிரிட்டிஷ் ஆட்சியையும் தாண்டி 1993 முடியும்வரை நீடித்தது. 1994 தொடக்கத்தில்தான் அரசு தனிப் பதிவை எடுத்துக்கொண்டது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? வீட்டிலிருந்து. உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் தாத்தா பாட்டியின் பெயர்களையும், எந்த ஊரில் திருமணம் நடந்தது என்பதையும் கேளுங்கள். பழைய ஜெபப் புத்தகங்களுக்குள் செருகிய நினைவு அட்டைகளைப் பாருங்கள். இறந்தவரின் படம், இறந்த நாள், வயது அச்சிட்டு உறவினருக்குக் கொடுத்தவை அவை. மிக அண்மைய பதிவுகள் பொதுப் பார்வைக்கு எளிதில் கிடைக்காது என்பதால், முதல் இரண்டு தலைமுறைக்கு இந்த வீட்டுச் சான்றுகள்தான் பாலம்.

1940க்கு முந்தைய ஒரு திருமணத்தை எட்டிவிட்டால் வழி அகலமாகிவிடும். ட்ரூவான் என்ற வம்சாவளி நிறுவனம் 1940களில் பங்குப் பதிவேடுகளைப் பெருமளவில் படச்சுருளில் எடுத்து வைத்தது. இன்று அவை இணையத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. ஃபேமிலிசர்ச் தளத்தில் கியூபெக்கின் கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்களை இலவசமாகவே புரட்டலாம். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்றுத் திட்டம் 1621 முதல் 1799 வரையிலான பதிவுகளைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்துக் கட்டியது. பிறகு அதற்கு மேலும் நீட்டியது. பாதிரியார் சிப்ரியேன் தாங்கே 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட வம்சாவளி அகராதியும் இணையத்தில் படிக்கக் கிடைக்கிறது. தனி மனிதரின் மகத்தான உழைப்பு அது. ஆனால் பிழைகள் உண்டு. அதைத் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவின் படத்தைப் பார்க்காமல் எதையும் உறுதி செய்யாதீர்கள்.

பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். பதிவுகள் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். பத்துச் சொற்கள் போதும். ‘ஃபீஸ்’ மகன், ‘ஃபீய்’ மகள், ‘தெஃபன்’ காலமான, ‘பாரான்’ ஞானத்தந்தை, ‘மாரேன்’ ஞானத்தாய். ‘வெஃப்’, ‘வெவ்’ முறையே மனைவியை இழந்தவர், கணவரை இழந்தவர். இந்தக் கடைசி இரண்டையும் கவனமாகப் பார்க்க வேண்டும். மறுமணப் பதிவில் பெற்றோர் பெயருக்குப் பதிலாக இறந்த துணையின் பெயர் மட்டும் இருப்பது வழக்கம். அப்போது சங்கிலி அறுந்தது என்று நினைக்காமல் முதல் திருமணத்தைத் தேடுங்கள். பெற்றோர் அங்கே இருப்பார்கள். திருமணம் பெரும்பாலும் மணமகளின் பங்கில் நடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மணமகனின் ஊரில் கிடைக்கவில்லையா, பெண் வீட்டு ஊருக்குப் போங்கள்.

பதிவில் ‘மூன்றாம் படி இரத்த உறவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது’ என்று ஒரு வரி வந்தால் அது பொக்கிஷம். நெருங்கிய உறவினர் மணக்கத் திருச்சபை தடை விதித்திருந்ததால், சிறப்பு அனுமதி பெற்றால் அதைப் பதிவேட்டில் எழுதினார்கள். இரண்டாம் படி என்றால் இருவருக்கும் தாத்தா பாட்டி ஒன்று. மூன்றாம் படி என்றால் கொள்ளுத் தாத்தா ஒன்று. நான்காம் படி என்றால் எள்ளுத் தாத்தா. நீங்கள் வரைந்த மரம் சரிதானா என்று பாதிரியாரே முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னாலிருந்து சரிபார்த்துத் தருகிறார்.

எங்காவது திருமணப் பதிவு தொலைந்திருந்தால் நோட்டரி ஆவணங்களுக்குப் போகலாம். தேவாலயத்தில் மணமுடிக்கும் முன் நோட்டரியிடம் திருமண ஒப்பந்தம் எழுதிக்கொள்வது அங்கே பரவலான வழக்கம். அதிலும் பெற்றோர் பெயர்கள் இருக்கும். யாராவது இறந்தால் வீட்டுப் பொருள்களைப் பட்டியல் எடுத்த ஆவணங்களும் உண்டு: எத்தனை சட்டி, எத்தனை மாடு, எத்தனை கடன் என்று. பெயராக மட்டும் இருந்த மனிதர் அந்தப் பட்டியலில் உயிர்பெற்று எழுகிறார். இவை மாகாணத்தின் தேசிய நூலக ஆவணக்காப்பகத்தில் உள்ளன. பெரும்பகுதி இணையத்திலும் உண்டு.

எல்லை தாண்டியவர்கள்

1840 முதல் 1930 வரை ஏறத்தாழ ஒன்பது லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். பலர் லோவல், மான்செஸ்டர், வூன்சாக்கெட் போன்ற நியூ இங்கிலாந்து ஊர்களின் பஞ்சாலைகளுக்கு. அங்கே பெயர்கள் இன்னொரு முறை உருமாறின. சிலவற்றை மொழிபெயர்த்தார்கள்: ருவா, கிங் ஆனார். லெப்லான், ஒயிட் ஆனார். புவாவேர், பச்சைக் காடு என்ற பொருளைக் காப்பாற்றிக்கொண்டு கிரீன்வுட் ஆனார். கூர்த்மான்ஷ் ‘குட்டைக்கை’ என்பதால் ஷார்ட்ஸ்லீவ்ஸ் ஆனார். சிலவற்றை ஒலிக்கேற்ப மாற்றினார்கள்: பெனுவா, பென்வே ஆனார். அமெரிக்கக் குடும்பம் ஒன்று தன் பிரெஞ்சு வேரைத் தேடும்போது பெயரைத் திரும்ப மொழிபெயர்த்துப் பார்ப்பதும், அந்த ஊரின் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பங்கின் பதிவேட்டைப் பார்ப்பதும் முதல் வேலை. பிரெஞ்சுப் பாதிரியார் பழைய பெயரையே எழுதியிருப்பார்.

அக்காதியர்கள் என்ற பிரெஞ்சுக் குடியேறிகளின் கதை தனி. இன்றைய நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த அவர்களை 1755 முதல் பிரிட்டிஷார் கூட்டம் கூட்டமாக நாடுகடத்தினார்கள். பல பதிவேடுகள் அழிந்தன. அங்கே தேடல் கடினம். ஆனால் அவர்களிடம் அழகான ஒரு வழக்கம் உண்டு: ஒரே பெயர் பலருக்கு இருப்பதால் ‘தோமாவின் பியேரின் ஜோ’ என்று அப்பாவையும் தாத்தாவையும் சேர்த்தே ஆளைச் சொல்வார்கள். வயதானவர் ஒருவர் அப்படி ஒரு பெயரைச் சொன்னால் உடனே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று தலைமுறை ஒரே மூச்சில் கிடைத்துவிடும்.

அப்புறம், நாம் விட்டுவந்த கேள்வி. அல்போன்ஸிடமிருந்தும் தொரிமேனிடமிருந்தும் திருமணம் திருமணமாக மேலேறினால் இரண்டு ருவா தி தெஜார்தான் கோடுகளும் பியேர் ருவா என்ற ஒரு மகனிடம் சேர்கின்றன. அவருடைய அப்பா அந்துவான், பர்கண்டிப் பகுதியின் ஜுவான்யி ஊர்க்காரர், பீப்பாய் செய்யும் தொழிலாளி. கரின்யான்-சாலியேர் படையோடு 1665இல் வந்தவர். 1684இல் லாஷீனில் கொலையுண்டார். அம்மா மரி மாஜோர். 1663க்கும் 1673க்கும் இடையே, குடியேற்றத்தில் பெண்கள் குறைவு என்பதால் அரசர் தன் செலவில் கப்பலேற்றி அனுப்பிய ஏறத்தாழ 800 ‘அரசரின் மகள்’களில் ஒருவர். நார்மண்டியிலிருந்து தனியாகக் கடல் கடந்து வந்து, 1668இல் கியூபெக் நகரில் அந்துவானை மணந்தார். அவர்களுக்கு அந்த ஒரே மகன்தான்.

மரியின் கணவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. அவருடைய சந்ததியினர் அவற்றில் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டார்கள். மரி மாஜோர் மட்டும் பதிவேடுகளில் தொடக்கம் முதல் முடிவுவரை மரி மாஜோராகவே இருக்கிறார்.